டேங்க் மூடியா, புகை மிஷினா, கொசுவலையா? எங்க தெருக் காசை எதுல போடலாம்னு ஒரு கணக்கு

போன ஆடிப் பண்டிகை முடிஞ்சு வரவு செலவு பாத்தப்ப தெருக் கணக்குல 28 ஆயிரம் ரூபா மிச்சம் இருந்துச்சு. சேலத்துல அம்மாபேட்டை பக்கம் எங்க தெருவுல எல்லா வருசமும் மிச்சக் காசுல பாத்திரம் வாங்குவாங்க, இல்லன்னா சீரியல் லைட் வாங்கி வெப்பாங்க. இந்த வருசம் அப்படி வேணாம், கொசுவுக்கு எதாவது பண்ணலாம்னு நான்தான் பேச்சை எடுத்தேன். காரணம் என் தம்பி. அவன் லாரி ஓட்டுறான், சங்ககிரில லோடு புக் பண்ணி ஒடிசா வரைக்கும் போயிட்டு வருவான். ஒரு டிரிப்பு முடிஞ்சு வந்தவன் எங்க வீட்லயே படுத்துட்டான். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு, மூணு போர்வை போட்டும் குளிருதுக்கான்னு பல்லு கிட்டிக்கிட்டான், ரெண்டு மணி நேரம் கழிச்சு நெருப்பா கொதிச்சான், அப்புறம் வேர்த்து ஊத்தி எந்திரிச்சு உக்காந்து சோறு கேட்டான். அடுத்த நாள் ஒண்ணுமே இல்ல. அதுக்கு அடுத்த நாள் மறுபடி அதே நேரத்துக்கு நடுக்கம். எங்க பெரியம்மா பாத்த உடனே சொல்லிட்டாங்க, இது முறைக்காய்ச்சல்டி, ரத்தம் எடுத்துப் பாருன்னு. பாத்தா மலேரியா, வைவாக்ஸ் வகை.

அவன் கதைய அப்புறம் சொல்றேன். மொதல்ல தெருக் கூட்டத்துல என்ன நடந்துச்சுன்னா, பத்துப் பேர் உக்காந்ததுல எட்டுப் பேர் சொன்னது ஒரே வழி, கையில புடிச்சு அடிக்கிற புகை மிஷின் ஒண்ணு வாங்கிடலாம், வாரம் ஒரு தடவ நாமளே அடிச்சுக்கலாம். கடையில கேட்டா மிஷின் மட்டும் இருபதாயிரத்துக்கு மேல வருது, அதுக்கு மேல டீசல், மருந்து எல்லாம் தனி. நான் அதே காசுல தெருவுல இருக்குற எல்லா டேங்குக்கும் மூடியும் வலையும் போட்டுடலாம்னு சொன்னேன். பெரியவர் ஒருத்தர், நான் மாமான்னு கூப்பிடுறவர், கோவமாவே கேட்டாரு, ஏம்மா, சாக்கடை நாறுது, திருமணிமுத்தாறு பக்கம் போனா மூக்கப் பொத்திக்கிட்டுப் போறோம், அதை விட்டுட்டு நல்ல தண்ணி டேங்குக்கு மூடி போடச் சொல்றியேன்னு.

அந்த எடத்துலதான் எல்லாமே இருக்குது, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். சாக்கடையில வளர்ற கொசு வேற, அது க்யூலெக்ஸ். ராத்திரி காதுகிட்ட ரீங்காரம் போட்டுத் தூக்கத்தைக் கெடுக்கும், யானைக்கால் நோயப் பரப்பும், ஆனா மலேரியாவப் பரப்பாது. மலேரியாவப் பரப்புறது அனாஃபிலிஸ். அதுலயும் நம்ம மாதிரி ஊருக்குள்ள இருக்குறது ஸ்டீபன்சைன்னு ஒரு வகை, அது முட்டை போடுறது நாம குடிக்கிற, சமைக்கிற சுத்தமான தண்ணியில. மொட்டை மாடி டேங்க், சம்ப்பு, கிணறு, சிமெண்ட் தொட்டி, கட்டட வேலை நடக்குற எடத்துல செங்கல் நனைக்கக் கட்டி வெக்கிற தொட்டி, இதெல்லாம்தான் அதுக்கு வீடு. டெங்குவப் பரப்புற ஏடிஸ் கொசுவும் நல்ல தண்ணியில வளர்றதுதான், ஆனா அது பகல்ல கடிக்கும். அனாஃபிலிஸ் பொழுது சாஞ்சதுக்கு அப்புறம் கடிக்கும். மாமா சொன்னதுல தப்பு சொல்ல முடியாது, மலேரியாங்குற பேரே இத்தாலி மொழியில கெட்ட காத்துன்னு வர்ற வார்த்தைதான், நாத்தம் புடிச்ச காத்தாலதான் இந்தக் காய்ச்சல் வருதுன்னு உலகமே ரொம்ப காலம் நம்பிட்டு இருந்துச்சு, 1897ல செகந்திராபாத்துல ரொனால்டு ராஸ் கொசு வயித்துக்குள்ள அந்தக் கிருமியப் பாத்த அப்புறம்தான் உண்மை தெரிஞ்சுது. சாக்கடைய சுத்தம் பண்ணியே ஆகணும், அது தனிச் சண்டை, நானும் வர்றேன்னு சொன்னேன். ஆனா என் தம்பிக்கு வந்தது கொசு மூலமா என் புள்ளைக்கும் பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கும் போகக்கூடாதுன்னா பாக்க வேண்டியது எங்க தலைக்கு மேல இருக்குற டேங்க்கத்தான்.

இப்ப ஒவ்வொண்ணா ஒப்பிட்டுப் பாக்குறேன்.

புகை மிஷின். இது மேல எனக்குக் கோவம் எதுவும் இல்ல, தேவைப்படுற நேரம் இருக்குது. டெங்கு ஒரு தெருவுல வேகமாப் பரவுதுன்னா அங்க பறந்துட்டு இருக்குற கொசுவ ஒரேயடியாக் கொல்ல அடிப்பாங்க, சரி. ஆனா புகை கொல்றது அந்த நேரத்துல காத்துல பறந்துட்டு இருக்குற கொசுவ மட்டும்தான். டேங்குக்குள்ள இருக்குற புழுவுக்கு ஒண்ணும் ஆகாது, ரெண்டு நாள் கழிச்சு அது றெக்கை முளைச்சு வெளிய வந்துரும். இன்னொண்ணு, புகை வண்டி சத்தம் கேட்டதும் நாம என்ன பண்றோம், ஓடிப்போயி கதவு ஜன்னல் எல்லாத்தையும் சாத்துறோம், மலேரியாக் கொசு ரத்தம் குடிச்சிட்டு வீட்டுக்குள்ளதான் இருட்டு மூலையில, துணி மாட்டுற ஆணிக்குப் பின்னாடி, கட்டிலுக்கு அடியில உக்காந்து இருக்கும், அதைப் பத்திரமா உள்ள வெச்சுப் பூட்டிட்டு வெளிய புகை போட்டா என்ன பிரயோஜனம். மலேரியா உறுதியான வீட்டையும் சுத்தி இருக்குற வீடுங்களையும் சுகாதாரத் துறை ஆளுங்க வந்து வீட்டுக்குள்ளயே மருந்து தெளிப்பாங்க, அது வேற, அதுக்குக் கதவத் தொறந்து விடணும். நாமளே மிஷின் வாங்கி டீசல் புகைய வாராவாரம் தெருவுல விடுறது, மூச்சு இழுப்பு இருக்குற கொழந்தைங்க உள்ள தெருவுல, எனக்கு மனசு ஒப்பல. மிஷின் கண்ணுக்குத் தெரியும், சத்தம் போடும், எதோ பண்ணுன திருப்தி வரும், அதனாலதான் எட்டுப் பேரும் அதைக் கேட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

அடுத்தது டேங்க் மூடி. இதைப் பத்தித்தான் நான் அதிகம் சொல்லணும். சேலத்துல தண்ணி தெனமும் வர்றதில்ல, மேட்டூர்ல காவிரி இவ்வளவு பக்கத்துல இருந்தும் நாலு நாளு, அஞ்சு நாளு, சில நேரம் ஒரு வாரம் ஆகும், எந்த நேரத்துக்கு வரும்னும் தெரியாது. அதனால இருக்குற பாத்திரம் எல்லாத்துலயும் புடிச்சு வெச்சுக்குவோம், நீல டிரம், சிமெண்ட் தொட்டி, அண்டா, குடம், பக்கெட்டு. டிவில வாராவாரம் தண்ணியக் கீழ ஊத்துங்க, தொட்டியக் காய விடுங்கன்னு சொல்றாங்க, சொல்றது சரிதான், கொசு முட்டை போட்டு அது புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்குறதுக்கு ஏழுல இருந்து பத்து நாள் ஆகுது, அதனால வாரம் ஒரு நாள் காலி பண்ணித் தேய்ச்சுட்டாப் போதும். ஆனா அஞ்சாம் நாள் தண்ணி வரலன்னா மீதி இருக்குற அரை டிரம்ம எந்தப் பொம்பள கீழ ஊத்துவா சொல்லுங்க. ஊத்த மாட்டோம், நானும் ஊத்த மாட்டேன். நம்ம ஊர்ல காய விடுறத விட மூடி வெக்கிறதுதான் நடக்குற காரியம்னு நான் சொல்றது இதனாலதான். காலி பண்ண முடியுற பாத்திரம், அதாவது குடம், பக்கெட்டு, செடி வெக்கிற தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி தண்ணி தேங்குற தட்டு, இதையெல்லாம் வாரம் ஒரு நாள் கவுத்துத் தேய்ச்சுருங்க. தேய்க்காம ஊத்துனா பக்கத்துல ஒட்டி இருக்குற டெங்குக் கொசு முட்டை அப்படியே இருக்கும். காலி பண்ண முடியாத டிரம்முக்கும் டேங்குக்கும் மூடி.

மூடின்னா எப்படிப்பட்ட மூடிங்குறதுலதான் எல்லாரும் ஏமாந்து போறோம். டிரம்மு மேல ஒரு பலகையப் போட்டு கல்லு வெச்சுட்டா அது மூடி ஆகாது, விரல் நுழையுற சந்து இருந்தாலே கொசு உள்ள போயிரும். எங்க வீட்ல பழைய வேட்டிய ரெண்டா மடிச்சு டிரம்மு வாயில போட்டு சைக்கிள் டியூப்ப வளையமா வெட்டி இழுத்து மாட்டிட்டோம், ஒத்தக் கையில எடுக்கலாம், மாட்டலாம், பைசா செலவில்ல. துணி நடுவுல தொங்கித் தண்ணியத் தொடக்கூடாது, இழுத்துக் கட்டணும். சின்டெக்ஸ் டேங்குக்கு அதோட சொந்த மூடி ஆடிக் காத்துல பறந்து போனது போனதுதான், எங்க தெருவுல ஏறிப் பாத்தப்ப பாதிக்குப் பாதி டேங்குக்கு மூடி இல்ல, இருந்ததுலயும் சிலது வெயில்ல வெடிச்சுக் கெடந்துச்சு. மூடிய விட முக்கியமா எல்லாரும் மறக்குறது ஓவர்ஃப்ளோ பைப்பு. மூடி டைட்டா இருந்தாலும் அந்தப் பைப்பு வழியா கொசு நேரா உள்ள போயிரும். அதுக்கு ஒரு துண்டு நைலான் வலை, ஒரு கம்பி, முடிஞ்சுது. சம்ப்பு மூடி இரும்புன்னா துருப்புடிச்சு ஓரத்துல ஓட்டை விழுந்திருக்கும், அதையும் பாக்கணும்.

டார்ச் அடிச்சு டேங்குக்குள்ள பாத்தா எந்தக் கொசுன்னு ஓரளவு நாமளே கண்டுபுடிக்கலாம். தலைகீழாத் தொங்கிட்டு இருக்குற புழுன்னா க்யூலெக்ஸோ ஏடிஸோ. தண்ணி மேல படுத்த வாக்குல, ஒரு சின்ன குச்சி மெதக்குற மாதிரி இருந்தா அது அனாஃபிலிஸ். அது வளர்ந்து கொசுவாகி சுவத்துல உக்காரும்போது பின்பக்கத்தத் தூக்கிட்டு சாய்வா உக்காந்தா அதுவும் அதேதான். எங்க தெருவுல மூணாவது வீட்டு டேங்குல படுத்துட்டு இருந்த புழுவப் பாத்தப்ப எனக்கு வயித்தக் கலக்கிருச்சு, ஏன்னா அப்ப என் தம்பி மலேரியாவோட எங்க வீட்லதான் இருந்தான். அவனைக் கடிச்ச கொசுவுக்குள்ள அந்தக் கிருமி வளர்ந்து அடுத்த ஆளுக்குக் குடுக்குற அளவுக்கு வர்றதுக்குப் பத்து நாளுக்கு மேல ஆகும். அந்தப் பத்து நாள்தான் எங்க தெருவுக்கு இருந்த அவகாசம்.

டேங்கச் சோதிக்க மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியாளருங்க, டி.பி.சி.ன்னு சொல்லுவாங்க, வீடு வீடா வர்றாங்க இல்லையா, அவங்க ஊத்துற, கொசுப் புழுவக் கொல்ற அபேட் மருந்தப் பத்தியும் சொல்லிடுறேன். தண்ணியில வாடை வருது, குடிக்கிற தண்ணியில விஷத்த ஊத்துறாங்கன்னு கேட்டத் தொறக்காம திருப்பி அனுப்புற வீடு எங்க தெருவுல நெறைய, ரெண்டு வருசம் முன்னாடி வரைக்கும் எங்க வீடும் அதுல ஒண்ணு, அதுக்கு இப்ப வருத்தப்படுறேன். சொன்ன அளவுல போட்டா குடிக்கிற தண்ணியிலயும் போடலாம்னு உலக சுகாதார நிறுவனமே அனுமதிச்ச மருந்துதான் அது. அளவுதான் முக்கியம், அதனால அவங்க கையால ஊத்தட்டும், நாம வாங்கி இஷ்டத்துக்கு ஊத்தக்கூடாது. ஆனா மூடிக்குப் பதிலா அதை மட்டுமே நம்புனா அவங்க வர்ற வரைக்கும் காத்திருக்கணும், டேங்குல தண்ணி மாற மாற மருந்தும் கரைஞ்சு போகும். வெயில்ல நாலு மாடி ஏறி எறங்குற அந்தப் பொண்ணுங்களுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுங்க, வாங்கக்கா, மேல போயி பாருங்கன்னு சொல்லுங்க, அதுவே பெரிய உதவி. இன்னொண்ணு, தண்ணி தேங்க விட்டுக் கொசு வளர விடக்கூடாதுங்குறது 1939லயே பொது சுகாதாரச் சட்டத்துல எழுதி வெச்சதுதான், யாரும் புதுசாச் சொல்லல.

கிணறு இருக்குற வீட்டுக்கு மூடியும் வலையும் போடச் செலவு அதிகம், அங்க மீனு நல்லது. கம்பூசியான்னு விரல் நீளம்கூட இல்லாத மீனு, இந்தியாவுக்கு 1928ல கொண்டு வந்தது, ஒரு நாளைக்கு நூறு புழுவுக்கு மேல திங்கும், கப்பி மீனும் திங்கும். தண்ணி எறைக்காம சும்மா கெடக்குற பழைய கிணத்துக்கு இதுதான் என் ஓட்டு. ஆனா இந்த மீனக் கொண்டு போயி மூக்கனேரியிலயோ ஏற்காடு ஏரியிலயோ விட்டுடாதீங்க, அங்க இருக்குற நம்ம சின்ன மீனோட முட்டை, தவளைக் குஞ்செல்லாம் தின்னு தீத்துரும். கிணத்தோட நிக்கட்டும்.

இப்ப வீட்டுக்குள்ள. கொசுவத்தி, லிக்விட், வலை, ஜன்னல் நெட்டு.

கொசுவத்தி எங்க வீட்ல நிறுத்தி பல வருசம் ஆச்சு. மொதக் காரணம் தறி. பட்டு வேட்டி நெய்யுற வீடு, நூல் தூசி காத்துல மெதந்துட்டே இருக்கும், அதுக்குப் பக்கத்துல நெருப்புக் கங்கு ராத்திரி பூரா எரியுறது எவ்வளவு ஆபத்துன்னு தறி வெச்சிருக்குறவங்களுக்குத் தெரியும். ரெண்டாவது புகை. ஒரு வத்தி முழுசா எரிஞ்சா வர்ற நுண்தூசி 75ல இருந்து 137 சிகரெட்டு எரிச்சதுக்குச் சமம்னு ஒரு ஆய்வுல அளந்து பாத்திருக்காங்க, அதை நான் படிச்ச அன்னைக்கு மாமியார்கிட்ட வாசிச்சுக் காட்டுனேன், அவங்களுக்கு இளைப்பு உண்டு, மறுநாளே வத்தி டப்பாவ எடுத்து வெளிய போட்டாங்க. லிக்விட் பரவால்ல, புகை இல்ல, மூடுன ரூமுல ஓரளவு வேலை செய்யும். ஆனா சேலத்து வெயிலுக்கு ஜன்னல மூடிட்டு யாரு படுக்க முடியும், தொறந்து வெச்சா காத்தோட மருந்தும் போயிருது, கரண்டு போனா அதுவும் இல்ல. மாசம் ஒரு பாட்டில்னு வெச்சாலே ஒரு ரூமுக்கு வருசம் ஆயிரம் ரூபா பக்கம் போகுது, ரெண்டு ரூமுன்னா ரெண்டாயிரம், அந்தக் காசுல ரெண்டு நல்ல வலை வாங்கி மூணு வருசம் ஓட்டலாம். சத்தம் போட்டுக் கொசுவ விரட்டுற மிஷின்னு ஒண்ணு ப்ளக்குல சொருகுறாங்க இல்ல, அது கடியத் தடுக்குறதில்லன்னு ஆராய்ச்சியிலயே சொல்லிட்டாங்க, வாங்காதீங்க. வேப்பிலை, நொச்சிப் புகை, சாம்பிராணி எல்லாம் சாயங்காலம் அரை மணி நேரம் கொசுவ விலக்கும், நல்லதுதான், ஆனா நாம தூங்குற எட்டு மணி நேரத்துக்கு அது காவல் இருக்காது.

காவல் இருக்குறது வலைதான். மலேரியாக் கொசு ராத்திரி கடிக்கிற கொசு, நாம ராத்திரி ஒரே எடத்துல அசையாமப் படுத்திருக்கோம், இதை விட நேரான கணக்கு இல்ல. எங்க வீட்ல சண்டையே வந்துச்சு, எங்க வீட்டுக்காரர் காத்து வராது, மூச்சு முட்டும், நான் படுக்க மாட்டேன்னாரு. உண்மைதான், வலைக்குள்ள ஃபேன் காத்து குறையத்தான் செய்யும். குடை மாதிரி விரியுற வலைய விட நாலு மூலை கட்டுற சதுர வலையில காத்து நல்லா வருது, உயரமாக் கட்டுனா இன்னும் பரவால்ல. சித்திரை வைகாசியில மொட்டை மாடியில படுக்குறப்ப துணி காயப்போடுற கம்பியிலயே கட்டிட்டோம், மாடியில இயற்கைக் காத்து, அங்க யாருக்கும் கஷ்டமே தெரியல. மாடியில படுக்குறவங்க ஒண்ண யோசிங்க, மூடி இல்லாத டேங்குக்குப் பக்கத்துலதான் பாயி போடுறோம். வலை ஓரத்தப் பாயிக்கு அடியில சொருகணும், கை கால் வலைய ஒட்டிப் படுத்தா வெளிய இருந்தே கடிக்கும். மருந்து தோய்ச்ச வலைன்னு ஒண்ணு இருக்குது, அதுல உக்காந்த கொசு செத்துரும், சுமாரா 20 தடவ துவைக்கிற வரைக்கும், மூணு வருசம் பக்கம் மருந்து நிக்கும்னு சொல்றாங்க, அதை வெயில்ல காயப்போடக்கூடாது, நிழல்ல காயணும், ப்ளீச்சிங் போடக்கூடாது. மலேரியா அதிகமா இருக்குற மாநிலங்கள்ல அரசாங்கமே குடுக்குது. நம்ம கடையில கெடைக்கிறது பெரும்பாலும் சாதா வலை, அதுவும் போதும், கிழிசல் இல்லாம இருந்தா.

ஜன்னல் நெட்டு போட்டா பகல்ல வர்ற டெங்குக் கொசுவும் சேந்து நிக்கும், அதுதான் அதோட பெரிய லாபம். ஆனா ஓட்டு வீடு, ஓட்டுக்கும் சுவத்துக்கும் நடுவுல ஒரு சாண் சந்து இருக்குற வீட்டுக்கு ஜன்னல் நெட்டு போட்டு என்ன ஆகப்போகுது. எங்க தெருவுல பழைய ஓட்டு வீடுங்க பாதி, அவங்களுக்கு வலைதான். மாடி வீடு, வாசக்கதவ சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுற பழக்கம் இருக்குறவங்களுக்கு நெட்டு. இதுல தறிக்குழிய விட்டுட்டேன், கைத்தறி இருக்குற வீட்ல காலத் தொங்கப்போட்டு மிதிக்கிற குழி, இருட்டு, ஈரம், கொசு பகல் பூரா அங்க ஒதுங்கிக் கெடக்கும், மழைக்குத் தண்ணி ஊறுனா அதுலயே புழுவும் வெக்கும். நெய்யுறவங்க காலுல பேன்ட்டோ நீளமான லுங்கியோ, கொசு விரட்டுற கிரீமோ போட்டுக்கணும், மழைக்கு ஊறுன தண்ணிய அன்னன்னைக்கு எடுத்துடணும்.

ஏற்காட்டுல என் நாத்தனார் எஸ்டேட் பக்கம் குடி இருக்காங்க, எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லன்னு சொல்லுவாங்க. மேல கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், குளிரு. குளிர்ல கொசுவுக்குள்ள கிருமி வளர்றது மெதுவாயிரும், 16 டிகிரிக்குக் கீழ போனா வைவாக்ஸ் வளராது, ஃபால்சிபாரம் வகைக்கு 18 டிகிரி வேணும். அதனால மேல உள்ளவங்க செலவு பண்றதா இருந்தா ஜன்னலுக்கும் போர்வைக்கும் பண்ணட்டும், வலை கட்டாயம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா கொண்டை ஊசி வளைவு எறங்க எறங்க கணக்கு மாறிடும். அடிவாரம், கன்னங்குறிச்சி பக்கம் வெக்கை நம்ம ஊரு வெக்கைதான். மலை ஓடையோரத்துல தெளிஞ்ச தண்ணி மெதுவா ஓடுற எடத்துல முட்டை போடுற அனாஃபிலிஸ் வேற ஒண்ணு இருக்குது, ஓடைக்கு மூடி போட முடியாது, அங்க வலை ஒண்ணுதான் வழி. காப்பித் தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் வெளி மாநிலத்துல இருந்து வர்றவங்க தங்குற எடத்துக்கும் இதேதான், அவங்களக் கொறை சொல்றதுக்குப் பதிலா ஆளுக்கொரு வலையும் வந்த உடனே ஒரு ரத்தப் பரிசோதனையும் மேஸ்திரிங்க ஏற்பாடு பண்ணலாம். என் தம்பியும் ஒடிசாக்காரங்களுக்கு வெளி மாநிலத்துக்காரன்தான்.

இப்ப அவன் கதை. இதையும் நான் ஒரு ஆப்ஷனாத்தான் பாக்குறேன், ஏன்னா காய்ச்சல் வந்தா என்ன பண்றோம்குறதும் தடுப்புலதான் சேத்தி. மெடிக்கல்ல போயி ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்குறது ஒரு வழி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயி விரல் நுனியில ரத்தம் குடுக்குறது இன்னொரு வழி, ரெண்டாவது இலவசம். அவன் மொத ஆறு நாள் மொத வழியிலதான் இருந்தான், அந்த ஆறு நாளும் கொசு கடிச்சுட்டுத்தான் இருந்திருக்கும். ரத்தம் பாத்த அப்புறம் மூணு நாளைக்கு குளோரோகுயின், 14 நாளைக்கு ப்ரைமாகுயின் குடுத்தாங்க. மூணு நாள்ல காய்ச்சல் நின்னுச்சு, அஞ்சாம் நாள் லோடு வந்துச்சுன்னு கெளம்பிட்டான், மாத்திரைய எங்க வீட்டு ஷெல்ஃப்லயே விட்டுட்டுப் போயிட்டான். ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி அதே நடுக்கம். வைவாக்ஸ் கிருமி கல்லீரல்ல ஒளிஞ்சு தூங்கும், ரத்தத்துல இருக்குறத மூணு நாள் மாத்திரை கொல்லும், தூங்குறதக் கொல்லத்தான் அந்த 14 நாள். இந்தத் தடவ அவன் போன இடமெல்லாம் தெனம் ராத்திரி எட்டு மணிக்கு போன் போட்டு மாத்திரை போட்டியாடான்னு கேட்டு 14 நாளும் முடிக்க வெச்சேன். கர்ப்பமா இருக்குறவங்களுக்கும் கைக்கொழந்தைங்களுக்கும் அந்த மாத்திரை கெடையாது, சிலருக்கு ரத்தம் ஒத்துக்காம மூத்திரம் கறுப்பாப் போகும், அப்படிப் போனா உடனே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட ஓடணும், அதனால ஒருத்தருக்குக் குடுத்தத இன்னொருத்தர் வாங்கிப் போடக்கூடாது. இப்ப அவன் லாரி கேபின்ல ஒரு சின்ன வலை இருக்குது, நான்தான் தெச்சுக் குடுத்தேன்.

தமிழ்நாட்டுல மலேரியா ரொம்பக் கொறஞ்சு போச்சு, இல்லாத நோவுக்கு ஏன் இவ்வளவுன்னு கூட்டத்துல ஒரு அண்ணன் கேட்டாரு. கொறஞ்சது உண்மை. 1961லயும் நாடு பூரா 50 ஆயிரம் பேர் பக்கம்தான்னு கொறஞ்சு கெடந்துச்சு, ஒழிஞ்சுதுன்னு கைய விட்டாங்க, 1976ல 64 லட்சம் பேருக்கு வந்துச்சு. பக்கத்துல இலங்கையில 2016ல மலேரியாவே இல்லன்னு சான்று வாங்குனாங்க, அதே வருசக் கடைசியில மன்னார் பக்கம் இந்த ஸ்டீபன்சை கொசுவக் கண்டுபுடிச்சாங்க, இன்னைக்கும் வெளிநாட்டுல இருந்து காய்ச்சலோட வர்ற ஒவ்வொருத்தர் ரத்தத்தையும் அவங்க தேடித்தேடிப் பாக்குறாங்க. நம்ம ஊர்ல கொசுவும் இருக்குது, தண்ணித் தொட்டியும் இருக்குது, வெளியூர் போயிட்டு வர்ற லாரியும் இருக்குதுண்ணேன்னு சொன்னேன். அவரும் லாரி வெச்சிருக்குறவருதான், அப்புறம் ஒண்ணும் சொல்லல.

அதனால 28 ஆயிரத்தப் பிரிக்கச் சொல்லி நான் எழுதிக் குடுத்த கணக்கு இது. மொதல்ல மூடி இல்லாத, வெடிச்ச டேங்குக்கெல்லாம் புது மூடி, அத்தோட எல்லா ஓவர்ஃப்ளோ பைப்புக்கும் நைலான் வலை, இதுக்குப் பாதிக் காசு. ஓட்டு வீட்ல கைக்கொழந்தையும் கர்ப்பிணியும் வயசானவங்களும் இருக்குற வீடாப் பாத்து ஆளுக்கொரு சதுர வலை, இதுக்கு ஒரு பத்தாயிரம். மிச்சத்துல ரெண்டு டார்ச்சும் ஒரு நல்ல ஏணியும், ஏன்னா பாதி வீட்ல டேங்குக்கு ஏறவே வழி இல்ல, அதனாலதான் மூடி பறந்தது யாருக்கும் தெரியாமக் கெடந்துச்சு. கிணத்துக்கு மீனு மாநகராட்சி ஆளுங்ககிட்ட கேட்டுப் பாக்குறோம். புகை மிஷின் வேணாம்.

மூணு பேர் இன்னும் மிஷின்தான் வேணும்னு சொல்றாங்க, மாமா அதுல இல்ல. அவரு வீட்டு டேங்குல டார்ச் அடிச்சுக் காட்டுனப்ப படுத்துக்கெடந்த புழுவ ரொம்ப நேரம் பாத்துட்டு, ஞாயித்துக்கெழம காலையில ஏணிய எங்க வீட்ல இருந்தே எடுத்துட்டுப் போங்கம்மான்னாரு. 31 வீடு, 26 டேங்க், நாலு கிணறு. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஆறு மணிக்கே ஆரம்பிக்கிறோம், எங்க வீட்டுக்காரரு கம்பியும் கட்டிங் ப்ளேயரும் எடுத்து வெச்சுட்டாரு.